சாயங்காலச் சவாரி

வீட்டு வாசலில் நின்ற பழைய காரைச் சுற்றிவந்தார் டயர் கடைக்காரர். “அகல டயர் பார்க்க எடுப்பா இருக்கும். ஆனா வண்டியைத் திருப்பும்போது மட்கார்டுல உரசும். ஒரிஜினல் சைஸே போடலாம். எவ்வளவு தூரம் ஓடும்?”

“ஓடாதுங்க.” அந்த வீட்டுப் பெரியவரின் மகள் குரலைத் தாழ்த்தினாள். “இன்ஜினைப் போன வருஷமே எடுத்தாச்சு. அப்பாவுக்கு அது நினைவுல நிக்கல. தினமும் சாயங்காலம் டயரைத் தட்டிப் பார்த்துட்டு ஓட்ட உக்காருவார். நானும் பக்கத்துல உக்காந்துப்பேன். காத்து இல்லேன்னா ஏற மாட்டார்.”

அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனதும் அப்பா வந்தார்.

“நல்லதா போடுங்க தம்பி. இன்ஜின் இல்லேன்னு எனக்குத் தெரியும்கறதை மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க.”

கடைக்காரர் குழம்பினார். “அப்புறம் எதுக்குங்க தினமும் ஏறி உக்கார்றீங்க?”

“வீட்டுக்குள்ள, ‘மாத்திரை போட்டாச்சா’ன்னு கேக்கறதோட சரி. இதுல ஏறினாத்தான் அவ என்கூடப் பேசறா.”