வெட்டிய பகுதி

"என் சம்சாரத்தைக் காணோம், தங்கச்சி. நோட்டீஸ் அடிக்கணும்."

வந்தவரின் கண்கள் கலங்கியிருந்தன. எழுதி எடுத்து வந்த தாளில் இருபது வரி இருந்தது.

"இவ்வளவையும் போட்டா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க, அண்ணே." பக்க வடிவமைப்பு என்று வந்துவிட்டால் நான் யார் பேச்சையும் கேட்க மாட்டேன். "மேலே 'காணவில்லை'. நடுவுல பெருசா முகம். கீழே உங்க நம்பர். சுத்தி வெள்ளையா விட்டுடலாம். பஸ்ல போறவன் பார்த்தாக்கூட மனசுல பதியணும்."

அவர் தந்த போட்டோவில் அவள் கதவோரம் நின்றிருந்தாள். கையில் திட்டுத் திட்டாகக் கறை.

"கண்ணு முகத்துக்குப் போகாம இங்கேதான் போகுது" என்று கழுத்துக்குக் கீழே வெட்டினேன்.

"அதுவும் சரிதான்" என்றார்.

நாலாம் நாள் மறுபடி வந்தார்.

"உன் கைராசிம்மா! ஒட்டின அன்னிக்கே ஒரு கண்டக்டர் போன் பண்ணிட்டாரு. எங்கேயோ ஒரு தையல் கம்பெனியில, வேற பேர்ல வேலை பார்த்துட்டு இருந்திருக்கா. போய்க் கூட்டிட்டு வந்துட்டேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்பாடா! இப்ப எப்படி இருக்காங்க?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"படம் அதேதான் இருக்கட்டும், தங்கச்சி. தலைப்பை மட்டும் 'மரண அறிவிப்பு'ன்னு மாத்திக் குடுத்துடு."

மாற்றுவதற்காகக் கோப்பைத் திறந்தேன். வெட்டாத போட்டோ திரை முழுக்க விரிந்தது.

அவள் கையில் இருந்தது கறை இல்லை. ஐந்து விரல்களின் தடம்.