பழைய பூட்டு எண்

கொரியாவின் பூசான் துறைமுகத்து அடுக்ககத்தில் மியோங்ஹீக்கு டி.வி.யில் காலப்பயணத் தொடர் வந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். "அவன் பழைய காலத்துக்குப் போயிப் பொண்டாட்டிய காப்பாத்துறான். நீ யாரக்கா காப்பாத்தப் போற?" என்று எதிர்வீட்டுக்காரி கிண்டலடிப்பாள். புருஷனைக் கடல் கொண்டுபோன மறுவாரமே கதவின் மின்பூட்டு எண்ணை மாற்றியவள் மியோங்ஹீ ஆயிற்றே!

அன்று கடைசிப் பகுதி. குப்பையைக் கொட்டிவிட்டு ஓடிவந்து எண்ணை அழுத்தினாள். திறக்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தியதில் பூட்டு முடங்கிப்போனது.

உள்ளே புருஷன் இருமினான்; கடைசியாகப் படகேறுவதற்கு முந்தின இரவு இருமிய அதே இருமல். "யாருடி வாசல்ல?"

பழைய எண் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பொத்தான்கள் எரியவில்லை.

"என்னங்க, நாளைக்குப் படகுல போகாதீங்க!" என்று கதவை இடித்தாள்.

உள்ளிருந்து அவள் குரலே சிரித்தது. "எவளோ குடிகாரி, வீடு மாறி வந்திருக்கா. திறக்காதீங்க. விடியக்காலையில படகுக்குப் போகணும், படுங்க."