ஒரு வேலைக்கு மட்டும்

"பெத்த புள்ள மேலயே நம்பிக்கை இல்லையாப்பா உனக்கு?"

இளங்கோவன் கத்திய கத்தலில் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவனுடைய அப்பா வீராசாமி என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாமலில் இரண்டு ஏக்கர் நிலம், சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீடு, ஒரே மகன். மனைவி போனபிறகு அந்த வீட்டில் தனி ஆள்.

"முனிரத்தினம் சார், நீங்களாவது சொல்லுங்க. பெங்களூர்லருந்து லீவு போட்டு வந்திருக்கேன். ஜெனரல் பவர் குடுன்னா குடுக்க மாட்டேங்கறாரு."

இருபது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். இந்த மாதிரி இறுக்கிப் பிடிக்கிற அப்பன்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இருந்தாலும் பொறுமையாகச் சொன்னேன்.

"பெரியவரே, உங்களுக்குப் பதிலா பையன் கையெழுத்துப் போடறதுக்குக் குடுக்கிற பவர்ல ரெண்டு வகை. ஜெனரல்னா வாடகை வாங்கறது, விக்கிறது, கோர்ட்டுக்குப் போறதுன்னு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பத்திரம். ஸ்பெஷல்னா எழுதுன அந்த ஒரு வேலைக்கு மட்டும். வேலை முடிஞ்சா பவரும் முடிஞ்சிது."

"அப்புறம் வேற வேலை வந்தா?"

"வேற பத்திரம் எழுதணும்."

"அதுக்கு நான் வரணுமா?"

"பின்னே? குடுக்கிறவரு நீங்க. நீங்க வராம யாரு கையெழுத்துப் போடறது? ஒவ்வொரு வாட்டியும் பையன் வந்து உங்களைக் கூட்டிக்கினு வரணும். எதுக்கு இந்த அலைச்சல்? பேசாம ஜெனரல் எழுதிடலாம்."

"ஸ்பெஷலே எழுதுபா. தாமல் நிலத்துக்குப் பட்டா மாத்தறதுக்கு மட்டும். வீட்டை அடுத்த வாட்டி பாத்துக்கலாம்."

"அடுத்த வாட்டியா!" இளங்கோவன் தலையில் அடித்துக்கொண்டான். "மறுபடி லீவு போட்டு நான் ஓடி வரணுமா? நான் என்ன, எல்லாத்தையும் வித்துத் தின்னுடவா போறேன்?"

அப்பாவை முறைத்துவிட்டு, முத்திரைத்தாள் வாங்க விருட்டென்று போனான்.

எனக்குச் சுர்ரென்று வந்தது.

"ஏன் பெரியவரே, நாளைக்குக் கொள்ளி வைக்கப் போறவன் அவன்தானே? போம்போது சொத்தைத் தலைமேல தூக்கிக்கினா போகப் போறீங்க? பெத்த புள்ள மேல இவ்ளோ சந்தேகம் ஆகாது."

"சந்தேகமா? அய்ய, நீ வேற! தங்கமான புள்ளபா அது. இன்னிக்கே வேணும்னாலும் எல்லாத்தையும் எடுத்துக்கட்டும்."

"அப்புறம் என்னதான் உங்க பிரச்சினை?"

மகன் தூரத்தில் வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"அவங்கம்மா வருஷத் திதிக்குக்கூட லீவு கிடைக்கலைன்னுட்டான். பத்திரம்னதும் கிடைச்சிருக்குது. நேத்து மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். வீட்ல ரெண்டு எலை போட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு. எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் அவன் எதுக்குபா வருவான்?"