விரல் ஒடிக்கிற காட்சி

இதுவரை ஐந்து பேர் அவரைக் கொல்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தியேட்டர் வாசல். காலைக் காட்சி முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. மைக் பிடித்த பெண் ஒருத்தி ஒவ்வொருவராக நிறுத்தி, படம் எப்படி என்று கேட்டாள். பக்கத்தில் ஒருவன் கேமராவோடு.

அவர் போஸ்டருக்கு அடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓவியர் மாசிலாமணியின் வாழ்க்கைக் கதை. குடித்தார், வரைந்தார், வரைந்ததைக் கொளுத்தினார், கடைசியில் தன்னையும் கொளுத்திக்கொண்டார். நடுவில் அண்ணன்காரன் வந்து தம்பியின் வலதுகை விரல்களை ஒவ்வொன்றாக ஒடிக்கிறான்.

அந்த அண்ணன் இவர்.

முப்பத்தொரு வருஷ சினிமாவில் நூற்றுப் பதினெட்டு தடவை செத்திருக்கிறார். கத்தியில், லாரியில், ஒரு தடவை யானையின் காலடியில். எதிலும் முகம் தெரிந்ததில்லை. பிணத்துக்கு முதுகு போதும் என்பார்கள். வீட்டில்கூட அவரை யாரும் நடிகர் என்று சொல்வதில்லை. சினிமாவுக்குப் போய்வருகிறார் என்பார்கள்.

இந்தப் படத்தில்தான் முகம். ஒரு நிமிஷம் நாற்பது வினாடி.

"படம் கொஞ்சம் ஸ்லோதான். ஆனா அந்த அண்ணன் மட்டும் கைல கெடச்சான், கழுத்தை அறுத்துருவேன்" என்றான் ஒரு கல்லூரி மாணவன்.

ஆறு.

"ஓவியரு பொண்டாட்டியப் போட்டு மிதிக்கிறாரே, அந்த சீன்ல அழுதுட்டேன். எவ்ளோ வலி இருக்கும், பாவம்" என்றார் கழுத்தில் பேங்க் அடையாள அட்டை தொங்கிய ஒருவர்.

"அந்தம்மாவுக்கா சார்?"

"ஓவியருக்குத்தாம்மா."

ஹெல்மெட்டும் கையுமாக வந்த ஒரு அம்மாள் மைக்கைப் பிடுங்கினாள். "அந்த அண்ணன் நாசமாப் போவான். அவன் கையில புழு வைக்கும்!"

ஏழு. அவர் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

இதற்குமேல் ஒரு மனிதன் எப்படிப் பொறுப்பான்? கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மைக் முன்னால் நின்றார்.

"அந்த அண்ணன் நான்தாம்மா."

பார்த்தார்கள். ஐந்தடி இரண்டங்குலம். கட்டம் போட்ட சட்டை. படத்தில் மொட்டை, முறுக்கு மீசை. கேமராவைத் தரையில் வைத்து எடுத்ததில் ஏழடி உயரம். இங்கே தலை நிறைய முடி. மீசையைக் காணோம்.

சிரித்தார்கள்.

"பெருசு, அவனைப் பாத்தா ஒண்ணுக்கு வருது. உன்னைப் பாத்தா டீ வாங்கித் தரணும்போல இருக்கு."

சொன்னவன் தென்னரசு. கறுப்புச் சட்டை. ஜிம்மிலேயே பிறந்து ஜிம்மிலேயே வளர்ந்த மாதிரி உடம்பு.

"நான்தான் தம்பி."

"அப்ப செஞ்சு காட்டு."

ஜோசியக்காரரிடம் நீட்டுகிற மாதிரி வலதுகையை நீட்டினான். கூட வந்தவர்கள் விசிலடித்தார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார். அந்தக் கையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த விரல்லடா படம் வரையிற?"

இரண்டாவது வார்த்தையிலேயே தென்னரசு முகத்தில் சிரிப்பு இல்லை. கையை இழுத்தான். வரவில்லை.

ஆள்காட்டி விரல் பின்பக்கமாக மடிந்து புறங்கையைத் தொட்டது.

படத்தில் அந்தச் சத்தத்துக்கு முருங்கைக்காயை ஒடித்தார்கள். நிஜச் சத்தம் அவ்வளவு இல்லை. தீக்குச்சி ஒடிகிற அளவுதான்.

அலறல்தான் படத்தைவிடப் பெரிது.

கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"டேய்! அவனேதான்டா!"

முதல் அடி ஹெல்மெட். மூக்கு உடைந்தது. அப்புறம் செருப்பு, பெல்ட், யாரோ ஒருவரின் டிபன் கேரியர். பேங்க்காரர் அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துவிட்டு வந்து விலாவில் உதைத்தார். அடி வாங்கியவரின் பல் ஒன்று தெறித்து, படியிறங்கி, வண்டி நிறுத்துமிடம் வரை உருண்டதாகச் சொல்வார்கள். அதெல்லாம் மிகை. ஆறாம் படியிலேயே நின்றுவிட்டது.

"மாசிலாமணி கையையாடா ஒடிச்ச? மாசிலாமணி கையையா?"

கேட்டுக் கேட்டு மிதித்தார்கள்.

தென்னரசு கையை யாரும் விசாரிக்கவில்லை. அவன் சுவரோரம் உட்கார்ந்து, வேறு திசை பார்க்கிற விரலை மடியில் வைத்துக்கொண்டு விம்மினான்.

அவர் தலையைக் கைகளால் மறைத்துக்கொள்ளவில்லை. மறைத்தால் காது அடைத்துவிடும். அவர்கள் சொல்வது கேட்காது.

மைக் பெண் தொழில் தெரிந்தவள். தென்னரசு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கேமரா அந்தப் பக்கம் திரும்பியது. கேமரா திரும்பியதும் கூட்டமும் திரும்பியது. கால்கள் நின்றன.

"சொல்லுங்க ப்ரோ. இவ்ளோ பேர் அந்த சீனைப் பாத்தாங்க. நீங்க நேர்லயே அனுபவிச்சிருக்கீங்க. எப்படி இருந்துச்சு?"

தென்னரசு மூக்கை உறிஞ்சினான். யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"படத்துல இன்னும் நல்லாப் பண்ணியிருந்தாரு."

அவர் ஒரு கையைத் தரையில் ஊன்றினார். பிறகு ஒரு முழங்காலை. எழுந்துவிட்டார். வாயைத் துடைத்தார். சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார்.

கூட்டம் வழிவிட்டது.

தென்னரசு முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஒன் மோர் டேக் போகலாமா தம்பி?"

தென்னரசு கேமராவைப் பார்த்தான்.

பிறகு, தன் இடதுகையை.