உள்மடிப்பு

ஆங்கிலத்தில் பேரம் பேசும் சொற்களை சூப்பர்வைசர் பூங்கோதை நோட்டில் எழுதவில்லை. பனியன் கம்பெனியில் மீந்த லேபிள் துணியில் எழுதி, நாளுக்கு ஒன்றாக ஜாக்கெட் கையின் உள்மடிப்பில் தைத்துக்கொண்டாள். அன்று வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்க வந்த பையர், தையல் கூடத்தில் நின்றபடியே பத்தே நாளில் சரக்கு வேண்டுமென்றார். முதலாளி வழக்கம்போலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு நாற்பது பெண்கள் விடிய விடியத் தைக்க வேண்டும். பூங்கோதை மடிப்பைத் திருப்பிப் பார்க்கவில்லை. விரலால் ஒருமுறை தடவிக்கொண்டாள். "வித் ரெஸ்பெக்ட் சார், நாட் பாசிபிள். காம்ப்ரமைஸ், ஃபிஃப்டீன் டேஸ்." மிஷின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. பையர் முதலாளியைத் தாண்டி அவளிடம் கையை நீட்டினார். "ஓகே. ஃபிஃப்டீன்."

மறுநாள் டீ நேரத்தில் தையல்காரி கனகமணி தன் ஜாக்கெட் கையைப் பிரித்துக்கொண்டு வந்தாள்.

"எனக்கும் ஒரு வார்த்தை தெச்சுக் குடுங்கக்கா."

"யாருகிட்டப் பேசறதுக்கு?"

"மொதலாளிகிட்ட."