தவக்காலத்தில் வந்த ரெக்கார்டு

எழுபத்து மூன்றாம் வருஷம், ஈஸ்டர் காலைப் பூசை முடிந்த கையோடு, மைக் செட் மாது ரெக்கார்டின் மேல் ஊசியை வைத்தான்.

கோயில் வேப்பமரத்தில் கட்டியிருந்த இரண்டு குழாய்களும் ஒருதரம் கரகரத்தன. முதலில் கித்தார் வந்தது. அப்புறம் கஸ்பாரின் குரல் வந்தது.

மாரண்டஹள்ளி ரோட்டோரம் தக்காளி பறித்துக்கொண்டே பாடின அதே குரல்தான். இப்போது மதராஸ் கம்பெனி ஒன்றின் முத்திரை குத்தி, அட்டைப்படம் போட்டு, இரண்டு பக்கமுமாகப் பத்துப் பாட்டு வந்திருந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் 'செம்மண் பாய்ஸ்'. அதற்குக் கீழே இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு ஐந்து பேர் இளித்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைக்காரச் சாமியார் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன கித்தார், சிலோன் ரேடியோவில் கேட்ட அமெரிக்கப் பட்டிக்காட்டுப் பாட்டு, நம் ஊர்க் கும்மி மெட்டு. இவ்வளவையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியது கித்தார் வாசிக்கிற அருள்நாதன். அதற்கு உயிர் கொடுத்தது கஸ்பார்.

சனங்கள் கை தட்டினார்கள். அருள்நாதன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எப்படித் தட்டுவான்? பாடினவனைக் குழிக்குள் வைத்து இருபத்தாறு நாள் ஆகிறது.

தன் ரெக்கார்டைத் தானே கேட்கக் கஸ்பாருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கொடுத்துவைக்காமல் செய்தது அருள்நாதன்தான்.

பார்சல் வந்தது விபூதிப் புதன் கழிந்த மூன்றாம் நாள். தவக்காலம் பிறந்துவிட்டது. அந்த நாற்பது நாளும் கலியாணம் கிடையாது, மேளம் கிடையாது. கோயில் ஆர்மோனியத்தையே துணி போட்டு மூடிவிடுவார்கள். அருள்நாதனின் அப்பா கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்து கண்மூடினவர். கோயில் பாட்டுக்குழுவும் அவன் கையில்தான் இருந்தது. அவன் போய்த் தவக்காலத்தில் கித்தார்ப் பாட்டுப் போடுவானா?

ரெக்கார்டை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

கஸ்பார் அப்போதே படுத்த படுக்கை. வெறும் சளி என்று போனவனை, நுரையீரல் இரண்டும் அரித்துப் போச்சு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பியிருந்தார். ரெக்கார்டு வந்த சேதி தெரிந்ததும் ஆள் விட்டுக் கூப்பிட்டான். ஒரே ஒரு பாட்டு போதும், மெதுவாக வைத்துக் கேட்டுவிட்டு மூடிவிடலாம் என்றான். நாற்பது நாள்தானே, ஈஸ்டருக்குக் குழாய் கட்டி ஊரே கேட்கப் போடுகிறேன், நீயும் எழுந்து வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள் என்று அருள்நாதன் சமாதானம் சொன்னான்.

கஸ்பார் சிரித்தான். சரி என்றான்.

அன்றைக்கு அதைப் பக்தி என்றுதான் அருள்நாதன் நினைத்துக்கொண்டான். பக்தி பாதிதான். குழாய் கட்டி, சனம் கூடி, எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்க்க முதல் பாட்டு கிளம்பவேண்டும் என்ற பவுசு மீதிப் பாதி. படுக்கையில் கிடக்கிறவனுக்கு நாற்பது நாள் எவ்வளவு தூரம் என்பது அந்த மடையனுக்கு உறைக்கவே இல்லை.

மூன்றாம் வாரம் கஸ்பார் போய்விட்டான்.

அன்றிலிருந்து அருள்நாதனுக்குச் சோறு இறங்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தான். தவக்காலத்தை ஒழுங்காகத்தானே அனுசரித்திருக்கிறாய், இதில் பாவம் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். இதை மன்னிக்க முடிந்தவள் ஒரே ஒருத்திதான். கஸ்பாரின் பெண்சாதி லூர்தம்மாள்.

அவள் கோயில் சுவரோரம் தனியாக நின்று புருஷனின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அருள்நாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போனான். நாலு நாளாகப் பாடம் பண்ணி வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. உன் புருஷன் இதைக் கேட்காமலே போனதற்கு நான்தான் காரணம், என்னை மன்னித்துவிடு தாயே என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தான். சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

லூர்தம்மாள் மாது இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு, அவர் கேட்டுவிட்டார் என்றாள்.

ரெக்கார்டு வந்த அடுத்த வெள்ளிக்கிழமையே கஸ்பார் கேட்டுவிட்டானாம். கோயிலில் அருள்நாதன் முன்னால் நின்று சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டிருந்த நேரம். அருள்நாதனின் பெண்சாதி புஷ்பமேரிதான் பெட்டியைத் திறந்து ரெக்கார்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மாது பேட்டரி பிளேயரைப் போர்வைக்குள் சுருட்டிக் கொண்டுவந்திருக்கிறான். வெளியே கேட்டுவிடக்கூடாதென்று சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டார்கள். ரெக்கார்டில் ஊசி உரசும்போது கொசு ரீங்காரம் மாதிரி ஒன்று கேட்குமே, அவ்வளவுதான் பாட்டு. கஸ்பார் அதன்மேல் காதை வைத்துப் படுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கேட்டிருக்கிறான். அருள்நாதனின் கித்தார் தனியாக வரும் இடத்தை மட்டும் மூன்று தரம் திருப்பித் திருப்பி வைக்கச் சொன்னானாம்.

அருள்நாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேட்டுவிட்டான், மகராசன் கேட்டுவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் வேறொன்று தோன்றியது. அப்புறமும் பத்து நாள் தினமும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, ஏன் ஒருத்தரும் என்னிடம் மூச்சுவிடவில்லை என்று கேட்டான்.

லூர்தம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்களையும் கூப்பிடலாம்னுதான் நான் சொன்னனுங்கண்ணா. அவருதான், வேண்டாம் புள்ள, அருளு வந்தா நிறுத்திப்புடுவான்னுட்டாருங்க."