நிழல் கேட்ட ஆலா

கடலுக்கு நடுவே ஒரு மணல்திட்டு. அதில் ஓர் அடம்பங்கொடி ஊதாப் பூக்களோடு படர்ந்து கிடந்தது. அதன் நிழலில்தான் ஆலா என்ற கடற்பறவை வருஷாவருஷம் முட்டையிடும்.

"இலையெல்லாம் உன் எச்சம். நாத்தம் தாங்கல. வேற இடம் பாரு," என்று ஒருநாள் கொடி கடிந்துகொண்டது. ஆலா திட்டின் மறுமுனைக்குப் போய்விட்டது.

மழை வந்து கொடியைக் கழுவிவிட்டது. இலைகள் பளபளத்தன. ஆனால் அடுத்த வருஷம் மொட்டே வைக்கவில்லை. இலைகள் மஞ்சளாகிச் சுருண்டன. வெறும் மணலில் வேர் உறிஞ்ச என்ன இருக்கிறது? ஆலா உட்காரும் மறுமுனை வரை போய் வேர்விட்ட ஒரே ஒரு கிளை மட்டும் கரும்பச்சை இலைகளோடு பூத்திருந்தது.

கொடி அந்தக் கிளையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது ஆலா தயங்கித் தயங்கி வந்தது. "முட்டையிடணும். வெயில் சுடுது. நிழல் மட்டும் கொடு. எச்சம் போட நான் கடலுக்குப் போயிடுறேன்."

"கடலுக்கெல்லாம் எதுக்கு?" என்று கொடி இலைகளை விலக்கி இடம்விட்டது. "இப்படி வேர்ப்பக்கமா வந்து உட்காரு, தாயி."